முப்பத்தொரு பேரின் ஒரே விடை

மியென் அக்கா யாரிடமும் வயதைக் கேட்பதில்லை. எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தவர் என்றுதான் கேட்பார். எங்கள் ஹுவே நகரத்தில் பாதிப் பேர் தாய் வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து ஒரு வயது கூட்டிச் சொல்வார்கள். மீதிப் பேர் அடையாள அட்டையில் உள்ளபடி சொல்வார்கள். பன்னிரண்டு விலங்குகளின் சுழற்சியில், பூனை ஆண்டு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதில் தவறு வர வழியில்லை. முப்பத்திரண்டா, நாற்பத்து நான்கா என்பதை முகம் பார்த்தே தீர்மானித்துவிடலாம்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் பொருளியல் துறை வெளியிடும் ஆய்வறிக்கைகளின் இறுதியில், சிறிய எழுத்தில், களத்தில் தகவல் திரட்டியவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் மியென் அக்காவின் பெயர் இருக்கிறது. ஒருமுறை அதை அடித்துவிட நான் பேனாவை எடுத்தேன். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. நகரத்து நூற்பாலையின் உணவுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் சமைத்தார். ஆலை ஆட்களைக் குறைக்கத் தொடங்கியபோது சமையல்காரர்களிடமிருந்துதான் தொடங்கியது. பிறகு அதே ஆலையின் வாசலில் சிப்பிச் சோறு விற்றார். அங்கே ஒரு நாள் எங்கள் மாணவர் ஒருவர் குடும்பச் செலவு பற்றிய கேள்வித்தாளுடன் வந்து, சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் மாதத்துக்கு மீனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் யோசித்து யோசித்து ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாள். அடுப்பருகே நின்ற மியென் அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை.

“தம்பி, மாசத்துக்கு எவ்வளவுன்னு எந்தப் பொம்பளைக்குத் தெரியும்? உன் அம்மாவுக்கே தெரியாது. நேத்து என்ன மீனு வாங்கினேன்னு கேளு. முந்தாநாளு என்னன்னு கேளு. சொல்லுவா.”

மாணவர் அப்படியே கேட்டார். அந்தப் பெண் மீனின் பெயர், எடை, பேரம் பேசிய விதம் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வாரம் அவர் தம் பேராசிரியரையே சிப்பிச் சோறு சாப்பிட அழைத்துவந்தார். மியென் அக்கா எங்கள் துறைக்கு வந்த வழி இதுதான்.

அவருக்கென்று சில நடைமுறைகள் இருந்தன. முதல் வியாபாரம் ஆகாத கடைக்குள் அவர் நுழைவதில்லை. காலையில் முதலில் வருகிற ஆள் எதுவும் வாங்காமல் வெறும் வாயால் கேள்வி கேட்டுவிட்டுப் போனால், அன்றைய விற்பனை முழுதும் கெட்டுவிடும் என்று எங்கள் கடைக்காரர்கள் நம்புகிறார்கள். புதிதாக வந்த மாணவர்கள் காலை ஆறு மணிக்குக் கடைவீதிக்குப் போய்த் திட்டு வாங்கித் திரும்புவார்கள். அக்கா பத்து மணிக்குப் போய்ப் பதில்களோடு வருவார். படிவங்களை யாரிடமும் விட்டுவிட்டு வரமாட்டார். எதிரில் உட்கார்ந்து, கேட்டு, தாமே எழுதிக்கொள்வார்.

கொண்டுவரப்படும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கள வேலைக்கான விதிகளையும் நான்தான் எழுதினேன். அவற்றில் ஆறாவது விதி இது: ஒருவர் கொண்டுவரும் படிவங்களில் ஐந்துக்கு மேற்பட்டவை ஒரே விடைவரிசையைக் கொண்டிருந்தால் அவை நீக்கப்படும்; கொண்டுவந்தவரின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். வீட்டில் உட்கார்ந்து தாமே நிரப்பிவிடுகிறவர்களைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு பேராசிரியர் தியெப் எடுத்துக்கொண்ட ஆய்வு, தங்கும் விடுதிகளைப் பற்றியது. அறைகளில் சிறிய அட்டை ஒன்றை வைக்கும் வழக்கம் அப்போதுதான் எங்கள் ஊர் விடுதிகளில் பரவிக்கொண்டிருந்தது. துண்டை மறுநாளும் பயன்படுத்த விரும்புகிறவர் அதைக் கொக்கியில் மாட்டலாம். மாற்ற வேண்டுமென்றால் தரையில் போடலாம். தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், ஆற்றில் போய்க் கலக்கும் நுரையும் குறையும். விருந்தினர்களைக் கேட்டோம், மேலாளர்களைக் கேட்டோம், இரு தரப்பினரும் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். துணி துவைப்பவர்களையும் கேட்டாக வேண்டும் என்றார் பேராசிரியர். ஆய்வுக்கு நிதி தந்த விடுதி உரிமையாளர் சங்கம் அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் உள்ள எல்லா ஆவணங்களின் நகலும் இறுதியில் தங்களுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

ஆன் கூ வாய்க்காலின் ஓரத்தில் பதினேழு விடுதிகளின் துணியைத் துவைக்கும் சலவைக்கூடம் ஒன்று இருக்கிறது. முப்பத்தொரு பேர் வேலை செய்தார்கள். துவைத்து மடித்த துணியின் எடைக்கு ஏற்ப அவர்களுக்குக் கூலி. ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு நாளில் மியென் அக்கா அங்கே போனார்.

இரண்டு நாள் கழித்து என் மேசையில் முப்பத்தொரு படிவங்களை வைத்தார். முகம் சரியாக இல்லை.

“சார், இதை இப்போ கணக்குல சேர்க்காதீங்க. நான் இன்னொரு தடவை போய்ட்டு வரணும்.”

ஏன் என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை, மறுபடி கேட்டால்தான் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பின் படிவங்களைப் புரட்டினேன். இருபத்து நான்கு கேள்விகள். முதல் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’. ஆற்றைக் காப்பது பற்றிய பதினோராம் கேள்விக்கு மட்டும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’. இரண்டாம் படிவமும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. முப்பத்தொன்றும் அப்படியே. எல்லாக் குறிகளும் ஒரே ஊதா மையில், ஒரே கையின் சாய்வில் இருந்தன.

பதினான்கு ஆண்டுகளில் இவ்வளவு வெளிப்படையான ஒன்றை நான் பார்த்ததில்லை. இன்னொரு தடவை போக வேண்டும் என்று அவர் சொன்னதைக்கூட, மாட்டிக்கொள்வதற்கு முன் செய்துகொண்ட ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் பேராசிரியர் முன்னிலையில் அவரை அழைத்துக் கேட்டேன்.

“அக்கா, இதை நீங்க எழுதினீங்களா?”

“இல்ல சார்.”

“வேற யாரு எழுதினது?”

“அவங்கதான். வாய்க்கால்ல தண்ணி ஏறிட்டு இருந்துச்சு. எல்லாரும் துணி மூட்டையை மாடிக்கு ஏத்திட்டு இருந்தாங்க. தாளை வெச்சுட்டுப் போங்க, எழுதி வைக்கிறோம்னு சொன்னாங்க. வெச்சுட்டு வந்தேன். அது என் தப்பு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

“முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரியா?”

அக்கா படிவக் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சேர்த்தார். பேராசிரியர் ஒரு டம்ளர் தேநீரை அவர் பக்கம் நகர்த்திவைத்து, சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அக்கா தேநீரைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், மழையங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெயரை எடுத்துவிட்டால் எங்கள் துறை மட்டுமன்று, நகரத்தில் ஆய்வு செய்யும் வேறு எந்த அலுவலகமும் அவரைக் கூப்பிடாது. அது அவருக்கும் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் வேறொரு வேலையை அவர் எங்கே தேடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தபடியே, நீக்க வேண்டிய பெயர்களுக்கான தாளையும் எடுத்துவைத்தேன். விதியை எழுதியவனே அதை வளைக்கக் கூடாது என்பது அன்று என் நியாயமாக இருந்தது.

வியாழக்கிழமை நண்பகலில் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்ட ஒரு பெண்மணி என் அறைக்குள் வந்தார். வந்த வழியெல்லாம் தரை நனைந்தது. சலவைக்கூடத்தின் குழுத்தலைவி லுயேன் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“எங்க தாளு எல்லாம் பொய்னு சொன்னது நீங்கதானா?”

பொய் என்று சொல்லவில்லை, ஒரே கையெழுத்தாக இருக்கிறது என்றுதான் சொன்னேன் என்றேன்.

“ஒரே கையெழுத்தாத்தான் இருக்கும். எங்க குழுவுக்குச் செயலாளர்னு ஒருத்தி இருக்கா. அழகா எழுதுவா. அவளை எழுதச் சொன்னேன்.” சற்று நிறுத்தி, எளிய விஷயத்தைப் புரிந்துகொள்ளாதவனுக்கு விளக்குகிறவரைப் போலத் தொடர்ந்தார். “பல்கலைக்கழகத்துலேர்ந்து கேள்வி வந்திருக்கு. ஆளுக்கு ஒண்ணா எழுதிக் குடுத்தா என்ன நெனைப்பாங்க? இந்தக் குழுவுல ஒற்றுமையே இல்லைனு நெனைப்பாங்க. ஆறு வருஷமா முன்னணிக் குழுன்னு பட்டயம் வாங்குறோம் சார். அதனால கூட்டம் போட்டோம். ஒவ்வொரு கேள்வியா படிச்சோம். பேசி, எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்து, அதை எழுதினோம். நாலு மணி நேரம் ஆச்சு. தண்ணி ஏறுது, மூட்டை நனையுது, எழுதுறவ இன்னும் பதினாலாவது கேள்வியிலேயே நிக்கிறா.”

நான் சிரிக்கவில்லை. எங்கள் அலுவலகத்திலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பணியாளர் கருத்துக் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தால், முதலில் எல்லோரும் கூடி எது பொதுவான கருத்து என்று முடிவு செய்துகொண்ட பிறகே அவரவர் கருத்தை எழுதுவோம். நாற்பத்தாறு வயது வரை இது எனக்கு விசித்திரமாகப் பட்டதே இல்லை. ஆறாவது விதியை எழுதியபோது இந்த வழக்கம் என் நினைவுக்கு வரவும் இல்லை.

லுயேன் தம் மழையங்கிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். கூட்டக் குறிப்பேடு. தேதி, நேரம், வந்தோர் முப்பத்தொன்று, வராதோர் இல்லை. ஒவ்வொரு கேள்வியின் கீழும் ‘ஒருமனதாக’ என்று எழுதியிருந்தது. ஏழாம் கேள்வியின் கீழ் மட்டும் எழுத்து நீண்டிருந்தது. அந்தக் கேள்வி, அறைகளில் அட்டை வைத்தது பணியாளர்களின் வாழ்க்கையை மேம்படுத்தியிருக்கிறதா என்பது. மூன்று பேர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்கள். கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றார்கள். தலைவி விளக்கமளித்த பின் பெரும்பான்மையோடு இணைந்தார்கள். அடுத்து அந்த மூவரின் முழுப்பெயர்களும் இருந்தன.

“இதை மியென் அக்கா பார்த்தாங்களா?” என்று கேட்டேன்.

“தாளை வாங்க வந்தப்ப நான்தான் பெருமையா காட்டினேன். படிச்சா. முகம் மாறிடுச்சு. இதை யாருக்கும் காட்டாதே, இந்த நோட்டோட நகல் விடுதிக்காரங்க கைக்குப் போனா இந்த மூணு பேரு சோத்துக்கு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா. எனக்கு அப்பதான் உறைச்சுது. நேத்து மறுபடி கேள்வி கேக்க அனுமதி வேணும்னு வந்து நின்னா. ஏன்னு கேட்டேன். உடனே சொல்லல. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டப்புறம்தான் பேரை எடுக்கப்போறாங்கன்னு சொன்னா. இந்த நோட்டைக் காட்டினா ஒரு நிமிஷத்துல தப்பிச்சிருப்பாளே சார்.”

“இப்போ நீங்க கொண்டுவந்திருக்கீங்க.”

“மூணு பேரையும் கேட்டுட்டுத்தான் கொண்டுவந்தேன். ரெண்டு பேரு யோசிச்சுத் தலையாட்டினாங்க. சாம்னு ஒருத்தன், பெரிய இயந்திரம் ஓட்டுறவன், அவன் சொன்னான்: ‘அந்தம்மா எனக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தா, நான் அவங்களுக்காகத் திறக்க மாட்டேனா? எடுத்துட்டுப் போ.’ எடுத்துட்டு வந்துட்டேன். பாருங்க. பார்த்துட்டுக் குடுத்துடுங்க.”

பேராசிரியரை அழைத்துவந்தேன். அவர் நின்றபடியே ஏழாம் கேள்வியின் குறிப்பைப் படித்தார். நகல் எடுக்கும் இயந்திரம் அருகிலேயே இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. நோட்டை மூடி லுயேனின் இரண்டு கைகளிலும் கொடுத்தார்.

“நான் பார்த்தேன், இவரும் பார்த்தாரு. அது போதும். ஃபைலுக்கு இது வேண்டாம்.” பிறகு கேட்டார்: “ஆளாளுக்குத் தனியா கேட்டா சொல்லுவாங்களா?”

“தனியான்னா எங்க? ஒரே கூடம். முப்பத்தொரு பேரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிச்சுட்டு நிக்கிறோம். தனியா ஒருத்தனைக் கூப்பிட்டா மத்தவன் எல்லாம் என்ன பேசினேன்னு கேப்பான். வேணும்னா கூட்டம் போட்டு, தனித்தனியா சொல்லணும்னு ஒருமனதா முடிவு பண்ணிடலாம்.”

இப்போது பேராசிரியர் சிரித்துவிட்டார். லுயேனும் சிரித்தார், அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் மியென் அக்காதான். சனிக்கிழமை காலை அவருடன் நானும் சலவைக்கூடத்துக்குப் போனேன். உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. நீண்ட மேசையின் அருகே பெண்களும் ஆண்களும் இருவர் இருவராக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடித்துப் பின்னே நகர்ந்து, விரிப்பை விறைப்பாக இழுத்து, பிறகு இருவரும் முன்னே நடந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் அந்தக் கணத்தில் இரண்டு முகங்களுக்கும் இடையில் ஒரு சாண் தொலைவுதான் இருக்கும். அப்போது சொல்வது எதிரில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும்.

அக்கா கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு பெண்ணை நகரச் சொல்லி, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். முன்னே நடந்து மூலைகள் சேர்ந்தபோது ஒரு கேள்வியைக் கேட்டார். பின்னே நகர்ந்தார்கள். அந்தச் சில அடிகளில் எதிரில் இருந்தவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. மறுபடி முன்னே வந்தபோது பதில் வந்தது. ஒருவருக்கு எட்டு விரிப்புகள் போதுமாயிருந்தன. பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெண் வேலைக்கு உதவுகிறாள் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் முடித்தபின் என் அருகே வந்து படிவத்தில் குறித்துக்கொள்வார். பெயரெழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.

நடுவில் லுயேன் வந்து ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்து, ஓரம் சேரவில்லை என்று அக்காவைக் கடிந்துகொண்டார்.

“இருபது வருஷமா கேள்வி கேட்டுக் கேட்டு வாய் நல்லா ஓடுது. கைதான் ஓடல.”

“கூலி குடு, ஓரத்தைச் சேர்க்கிறேன்” என்றார் அக்கா.

மாலை நான்கு மணிக்கு முப்பத்தொரு படிவங்களும் நிரம்பின. அவற்றில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அட்டை வந்த பிறகு கூலி குறைந்தது என்றவர்கள் மூன்று பேர் அல்லர், இருபத்தாறு பேர். ஆனால் எங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. அந்த இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர், அட்டை இருக்கட்டும் என்றார்கள். சோப்புநீரில் ஊறிக் கைத்தோல் உரிவது குறைந்திருக்கிறது, வாய்க்காலில் நுரை அடங்கியிருக்கிறது என்றார்கள். துணி குறைந்ததில் அவர்களுக்கு வருத்தம் இல்லை. ஆற்றை எல்லோருக்காகவும் காப்பாற்றிவிட்டு, அதன் செலவைத் தாங்கள் முப்பத்தொரு பேர் மட்டும் ஏற்பதுதான் வருத்தம். எடைக்குப் பதிலாக வேலைநேரத்துக்குக் கூலி தர முடியாதா என்று அவர்களில் பலர் அக்காவையே கேட்டிருந்தார்கள். விருந்தினர்களையும் மேலாளர்களையும் கேட்டு நாங்கள் எழுதிவைத்திருந்த எண்பது பக்கங்களில் இந்த ஒரு வரி இல்லை.

பேராசிரியர் அறிக்கையின் நான்காம் பகுதியை முழுதும் மாற்றி எழுதினார். மிச்சமாகும் நீருக்கும் சோப்புக்கும் உரிய தொகையில் ஒரு பகுதி சலவைக்கூடத்துக்குப் போக வேண்டும், கூலி வேலைநேரத்தின்படி அமைய வேண்டும் என்பது அதன் முடிவு. சங்கத்துக் கூட்டத்தில் அது எளிதில் ஏற்கப்படவில்லை. முதல் ஆண்டில் பதினேழு விடுதிகளில் ஆறு ஒப்புக்கொண்டன. மறுஆண்டு இன்னும் மூன்று. மீதி எட்டு விடுதிகளின் துணிக்கு இன்றும் எடைக் கணக்குதான். இருந்தாலும் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் லுயேன் தம் ரப்பர் காலணியோடு வந்து, குழுவின் சார்பில் ஒட்டரிசிப் பலகாரங்கள் நான்கை வாழையிலைக் கட்டோடு பேராசிரியரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அலுவலகக் காவலருக்கு. பகிர்வையும் அவரே சொல்லிவிட்டார்.

அதற்கெல்லாம் முன்பு, அந்தத் திங்கட்கிழமையே, நான் மியென் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. முன்கூடத்திலிருந்து வெள்ளத்தின் சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். பெயர்ப் பட்டியலைக் காட்டினேன். அவர் பெயர் அதன் இடத்தில் இருந்தது. ஆறாவது விதியில், நீக்குவதற்கு முன் களத்துக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தேன். உங்கள் சொல்லை நம்பாமல், படிவத்தை நம்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் பட்டியலைத் தம் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, விரலை வைத்துப் படித்தார். அதன்பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மூணு பேரு?”

“எந்தத் தாள்லயும் இல்ல அக்கா. நோட்டு லுயேன் அக்காகிட்டயே இருக்கு. அறிக்கையில ‘சலவைப் பணியாளர் ஒருவர்’னுதான் வரும்.”

“அப்ப சரி.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “இன்னொரு விதியும் எழுதிக்கோங்க சார். தாளைக் குடுத்துட்டு வரக் கூடாதுன்னு. வெள்ளம் வந்தாலும் கூடாது. யாரு இந்தத் தப்பைப் பண்ணினாங்கன்னு பசங்க கேட்டா, மியென்தான்னு சொல்லுங்க. என் பேரைச் சொன்னா யாரு சோறும் போகாது.”

இப்போது அது பதினோராவது விதி. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, அவர் அனுமதித்தபடியே, அவர் பெயரைச் சொல்லித்தான் கற்பிக்கிறேன். படிவத்தின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்கிறேன். அதை எனக்கு உணர்த்தியவர் அவர். அந்த நன்றியை அவரிடம் நேரில் சொல்ல இருமுறை முயன்றேன். இரண்டு முறையும், அடுத்த ஆய்வுக்கான படிவங்கள் அச்சாகிவிட்டனவா என்று கேட்டு என் பேச்சை மாற்றிவிட்டார்.